'எல்லாம் என் மனம்தானா?' ஒரு மணி நேரம் வாதிட்டுப் பார்க்கும் முறை

பர்மாவின் மௌலமைன் நகர டீக்கடையிலோ கோயில் திண்ணையிலோ இந்தப் பேச்சு எழுந்தால் பத்து நிமிடத்தில் செக்குமாடாகிவிடும். ஒரே பெயரில் மூன்று ஐயங்கள் நடமாடுவதுதான் காரணம். முதலில் தாளில் அவற்றைப் பிரித்து எழுதுங்கள்: (1) வெளியில் எதுவுமே இல்லை; (2) இருக்கலாம், ஆனால் அறிய வழியில்லை; (3) பொருள்கள் உண்டு, ஆனால் பிறருக்கு மனம் உண்டா தெரியாது. ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள், நடுவில் மாற்றக் கூடாது. இரண்டாவதை நிறுவிவிட்டு முதலாவதை வென்றதாகச் சொல்வது வழக்கமான திருட்டு. (வாதமே இல்லாமல், உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் நாள்கணக்கில் தோன்றினால் அது வேறு, மருத்துவரிடம் போக வேண்டியது.)

மேசையைத் தட்டிக் காட்டாதீர்கள். பொருள்கள் மனத்தில்தான் உள்ளன என்ற தத்துவவாதி பார்க்லியைக் கல்லை உதைத்து மறுக்கப் பார்த்தார் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன். கால் வலியும் அனுபவம்தான். அனுபவத்தை எதிராளி மறுக்கவே இல்லையே.

பர்மாவில் இன்னொரு சறுக்கல்: "பௌத்தமே எல்லாம் மனம் என்கிறதே" என்று சாட்சிக்கு இழுப்பது. அப்படிச் சொன்னது மகாயான பௌத்தத்தின் ஒரு மரபான யோகாசாரம். இங்குள்ள பௌத்தப் பிரிவான தேரவாதமோ சித்தத்துக்குப் புறம்பாக 28 ரூபங்களை, அதாவது சடப்பொருள் கூறுகளை, எண்ணுகிறது.

இனி உரைகல். பர்மியம் நமக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, உதவாது. சந்தையில் இவ்வட்டார மோன் மொழியில் அறியாத சொல் ஒன்றைக் காதில் வாங்கி, பொருளை ஊகித்து எழுதுங்கள். பிறகு விசாரியுங்கள். ஊகம் தவறினால், சரியான பொருள் அதுவரை எங்கிருந்தது? "என் மனத்தில், எனக்கே தெரியாத மூலையில்" என்பார் ஐயக்காரர். விடாதீர்கள், இப்படிக் கேளுங்கள்: அந்த மூலை உமக்குத் தெரியாது, சொன்னபடி கேட்காது, உம்மையே திருத்துகிறது. அதை 'என்' என்பதில் என்ன மிச்சம்? சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பாவில் வரும் 'உணர்த்த உணர்தல்' (அறிவித்தால்தான் அறிதல்) இங்கே கைகொடுக்கும். இது நிரூபணம் ஆகாது. 'என்' என்ற சொல்லை வெறுங்கூடாக்கும், அவ்வளவே.

அதற்கும் அசையாவிட்டால் நினைவைப் பிடியுங்கள். நேற்றும் தாம் இருந்ததற்கு அவருக்குள்ள சான்று நினைவுதான். புலன்களை நம்பாதவர் அதை மட்டும் எப்படி நம்புகிறார்? 1641இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் எட்டிய 'நான் இருக்கிறேன்' கூட நினைக்கும் கணத்துக்கே உறுதி. உலகை விட்டவர் 'நானை' ஏன் விடவில்லை என்று, நிலையான 'நான்' இல்லை என்னும் தேரவாதி கேட்பார், நியாயமான கேள்வி.

ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்தித் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பிறர் மனம் பற்றிய ஐயத்துக்குத் தனி ஞாயிறு வேண்டும்.