தோட்டா ஏறாத பழைய மார்லின் 336: சிக்கலைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

அமெரிக்கக் கிராமப்புறக் குடும்பங்களில் தாத்தாவிடமிருந்து பேரனுக்குக் கைமாறும் மான் வேட்டைத் துப்பாக்கிகளுள், 1948-இல் வெளிவந்த மார்லின் 336 லீவர் ரைஃபிள் (விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை, அதாவது லீவரை, இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) முக்கியமானது. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தபின் வெளியே எடுத்தால், அது தோட்டாவை ஏற்றாமல் நடுவில் சிக்கி நிற்பதுண்டு. காரணம் பெரும்பாலும் காய்ந்து பிசினாகிப்போன எண்ணெய்தான் என்பதால், அரத்தைத் தேடுவதற்கு முன் துடைக்கும் துணியைத் தேடுவது நல்லது.

முதலில் காலி செய்தல்

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் குழாய் வடிவ மேகசினில் தோட்டா மிச்சமிருப்பது வெளியே தெரியாது. துப்பாக்கியின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விசையில் விரல் படாமல், எதுவும் வெளிவராத வரை லீவரை முழுவதுமாகத் திறந்து மூடுங்கள். பிறகு லீவரைத் திறந்த நிலையிலேயே நிறுத்தி, தோட்டா அறையையும் மேகசின் வாயையும் விளக்கொளியில் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் ஃபாலோயர் மேகசின் வாயில் தென்படவில்லை என்றால் குழாய் காலி என்று எண்ணக்கூடாது. உள்ளே தோட்டா தங்கியிருக்கலாம். நிஜத் தோட்டா சிக்கி லீவர் அசையாமல் நின்றால், பலங்கொண்டு இழுக்காமல் அப்படியே துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த வேலைகள் அனைத்துக்கும் வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களே போதும். நிஜத் தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

எங்கே சிக்குகிறது என்று பார்த்தல்

மூன்று போலித் தோட்டாக்களை ஏற்றி லீவரை இயக்குங்கள். புதியவர்கள் பலர், பழைய பொருளாயிற்றே என்று பயந்து லீவரைப் பாதி தூரமே தள்ளுவார்கள். அந்தத் தயக்கமே ஒரு கோளாறைப் போலத் தோன்றும். லீவரை முட்டும் வரை தயங்காமல் கொண்டுசென்று திருப்புங்கள்.

தோட்டா குழாயிலிருந்து வெளியே வரவே இல்லையென்றால் குற்றம் மேகசினில் இருக்கிறது. குழாயின் முன்முனை அடைப்பைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைக் கழற்றும்போது, உள்ளிருக்கும் ஸ்பிரிங் விசையோடு பாயும் என்பதால் முகத்தை விலக்கி, கட்டைவிரலால் அடைப்பை அழுத்திக்கொள்ளுங்கள். குழாயின் உட்புறத்தைத் துடைத்து, வெளிப்புறத்தில் நெளிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிறு நெளிவுகூட ஃபாலோயரைத் தடுத்துவிடும். ஸ்பிரிங் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால் மாற்றிவிடலாம். அதை இழுத்து நீட்டிப் பயன்படுத்துவது வீண் வேலை. தோட்டாவின் நீளத்தையும் அளந்து பாருங்கள்: இந்தத் துப்பாக்கியின் வழக்கமான தோட்டா வகையான .30-30-இன் உச்ச நீளம் 2.550 அங்குலம், வீட்டில் நிரப்பிய தோட்டாக்கள் இதைத் தாண்டினால் சிக்கும். கூர்முனைத் தோட்டாக்களைக் குழாய் மேகசினில் போடவே கூடாது. ஒன்றின் முனை, முன்னாலிருப்பதன் அடியிலுள்ள, அடிபட்டால் தீப்பற்றும் பிரைமரில் இடித்து வெடிக்க வாய்ப்புண்டு.

லீவரைத் திறக்கும்போதே இறுகினால்

மார்லினின் உண்மையான நோய் இதுதான். 'மார்லின் ஜாம்' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. லீவரைத் திறக்கத் தொடங்கியதும், தோட்டாவை அறைக்கு நேராகத் தூக்கிவிடும் பாகமான கேரியரின் முன்முனை சற்றே உயர்ந்து, குழாயிலுள்ள அடுத்த தோட்டாவைத் தடுக்க வேண்டும். லீவரின் கூரான விளிம்பு ஆண்டுக்கணக்கில் கேரியரின் அடிப்பகுதியை உராய்ந்து பள்ளம் பறித்துவிட்டால், அந்தச் சிறு உயர்வு கிடைக்காமல், இரண்டாவது தோட்டாவின் விளிம்பு கேரியருக்குக் கீழே நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிடும்.

இதைப் பார்க்கத் துப்பாக்கியைப் பிரித்தாக வேண்டும். அதற்கு, லீவரைப் பாதி திறந்து, அதன் அச்சுத் திருகாணியைக் கழற்றி, லீவரைக் கீழாகவும், தோட்டா அறையைப் பின்னிருந்து மூடும் போல்ட்டைப் பின்னாகவும் உருவினால் போதும். இடப்புறச் சுவரிலுள்ள, தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் தளர்ந்து விழும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். சாதாரணத் திருப்புளியின் ஆப்பு வடிவ முனை திருகாணியின் காடியைக் கடித்துச் சிதைத்துவிடும். காடிக்குச் சரியாகப் பொருந்தும், பக்கங்கள் இணையாக உள்ள முனையே வேண்டும். உள்ளே மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய்த் தடவல் மட்டும் கொடுங்கள்.

இப்போது கேரியரின் அடிப்பகுதியை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டி நிற்கும் பள்ளம் இருந்தால், லீவர் விளிம்பின் கூர்மையை நுண்ணிய உப்புத்தாளால் மழுங்கச் செய்யலாம். அது தேய்மானம் மேலும் ஆழமாவதைத் தடுக்கும், ஏற்கெனவே விழுந்த பள்ளத்தை நிரப்பாது. லீவரின் வடிவத்தை மாற்றும் அளவுக்குத் தேய்க்காதீர்கள். கேரியரை அரம் கொண்டு தொடவே தொடாதீர்கள். பள்ளம் ஆழமென்றால் புதிய கேரியர்தான் வழி. அதைப் பொருத்தும் நுட்பமான வேலையை அனுபவமுள்ள துப்பாக்கிப் பணியாளரிடம் விடுவது மேல் என்பது என் கருத்து.

உதிரிப்பாகம் கேட்கும்போது தயாரிப்பு ஆண்டு தேவைப்படும். 1970-களின் நடுப்பகுதி முதல் 1990-கள் வரையிலான துப்பாக்கிகளில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 100-இலிருந்து கழித்தால் ஆண்டு கிடைக்கும். 22 என்று தொடங்கினால் 1978.

மீண்டும் பூட்டிய பின், வலப்புறத் தோட்டா வாயிலைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு போலித் தோட்டாக்களால் குழாயை நிரப்பி, ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் முழுவதும் இயக்கிப் பாருங்கள். இரண்டு வேகத்திலும் தடையின்றி ஏறி வெளியேறினால் மட்டுமே நிஜத் தோட்டாவோடு சுடுதளத்துக்குச் செல்லலாம்; அங்கும் தொடக்கத்தில் இரண்டிரண்டாக மட்டும் ஏற்றுங்கள்.