ஒரே படப்பிடிப்பில் இரு வடிவக் காணொளிகள்

யூடியூபுக்கு அகலவாக்கில் ஒரு முறையும், ஷார்ட்ஸ், ரீல்ஸ் ஆகியவற்றுக்கு நெட்டுவாக்கில் மறுமுறையும் படம்பிடிப்பவர்கள், கைப்பேசி கேமராவை 4கே தரத்தில் வைத்து ஒரே முறை படம்பிடித்தால் போதும். 1920 × 1080 அளவில் எடுத்த காட்சியிலிருந்து நெட்டுவாக்கில் 9:16 விகிதத் துண்டை வெட்டினால் ஏறத்தாழ 607 பிக்சல் அகலமே மிஞ்சி, படம் மங்கலாகிவிடும். 4கே தரத்தில், அதாவது 3840 × 2160 அளவில் எடுத்திருந்தால் 1215 பிக்சல் அகலம் கிடைப்பதால், ரீல்ஸுக்கு வழக்கமான 1080 × 1920 அளவுக்குத் தரம் குறையாமல் வெட்டியெடுக்கலாம். பேசுபவர் காட்சியின் நடுவிலேயே இருக்க வேண்டும். தலைப்பு எழுத்துகளை இரு வடிவங்களுக்கும் தனித்தனியே சேர்க்க வேண்டும். 4கே கோப்புகள் சேமிப்பிடத்தை விழுங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படத்தொகுப்பு நேரத்தைக் குறைப்பதற்கு, என் அனுபவத்தில், எந்தச் செயலியையும்விட கைதட்டலே மேல். பேச்சு தடுமாறிய இடத்தில் பதிவை நிறுத்தாமல், ஒரு முறை பலமாகக் கைதட்டிவிட்டு (பக்கத்து வீட்டார் வியந்தாலும் பரவாயில்லை) அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். படத்தொகுப்புச் செயலி காட்டும் ஒலி அலைவடிவத்தில் அக்கைதட்டல் கூர்மையான முகடாகத் தெரிவதால், முழுப் பதிவையும் ஓடவிட்டுப் பார்க்காமலேயே பிழையான பகுதிகளை நீக்கிவிடலாம்.