தோட்டத்தில் பால் கூட்டுறவுச் சங்கம்: தொடங்குவதும் நடத்துவதும்

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ஒன்றிரண்டு மாடு கட்டியிருக்கும் குடும்பம் தனியாகப் பால் ஊற்றும்போது, அளவு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, விலை எவ்வளவு என்ற மூன்றையும் வாங்குகிறவரே சொல்கிறார். முப்பது குடும்பம் சேர்ந்து தாங்களே அளந்து, தாங்களே பரிசோதித்து, தாங்களே கணக்கு எழுதினால் முதல் இரண்டும் உறுப்பினர் கைக்கு வந்துவிடும். விலையைப் பேசும் பலமும் அதிலிருந்துதான் பிறக்கிறது. பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, பால் அளக்கும் மேசையைக் கவனிக்காமல் விட்ட சங்கம் நிலைப்பது கடினம். அதனால் இங்கே பதிவைப் பற்றிச் சுருக்கமாகவும் மேசையைப் பற்றி விரிவாகவும் எழுதியிருக்கிறோம்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

ஒரு வாரம் வீடு வீடாகப் போய், காலைப் பால் எவ்வளவு, மாலைப் பால் எவ்வளவு, வீட்டுக்கும் கன்றுக்கும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று கொப்பியில் எழுதுங்கள். வாயால் சொல்லும் அளவு எப்போதும் கூடுதலாகவே இருக்கும். கறக்கும் நேரத்தில் நின்று பாருங்கள்.

பிறகு செலவு. பால் அளப்பவரின் சம்பளம், பரிசோதனை மருந்துகள், பற்றுச்சீட்டுப் புத்தகம், கழுவும் தூள், கேன் திருத்தம் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 5 ரூபாவைச் சங்கம் பிடித்தால், மாதம் 8,000 லீற்றர் வந்தால்தான் செலவு அடைபடும். அதாவது நாளுக்கு ஏறக்குறைய 267 லீற்றர். உங்கள் செலவையும் பிடிமானத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். மழைக்காலப் பாலை வைத்துப் போடக் கூடாது. தை, மாசியில் புல் காய்ந்து, நுவரெலியாப் பக்கம் பனி விழுந்து கருகிப்போகும் நாட்களில் பால் எவ்வளவு வரும் என்று பார்த்து, அந்த அளவுக்குக் கணக்குச் சரிவர வேண்டும். வரவில்லையென்றால் பக்கத்து டிவிஷனையும் (தோட்டப் பிரிவையும்) சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள், அல்லது முழுநேர ஆளுக்குப் பதிலாகக் காலை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஆள் போடுங்கள்.

வாங்கப்போகும் நிறுவனத்திடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: விலை கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் (தண்ணீரும் கொழுப்பும் போகப் பாலில் மிஞ்சும் சத்துகளையும்) பார்த்தா அல்லது வெறும் லீற்றருக்கா, பரிசோதனை எங்கே நடக்கும், பவுசர் (பால் ஏற்றும் தாங்கி லொறி) எத்தனை மணிக்கு வரும், பாலைத் திருப்பினால் காரணத்தை எழுதித் தருவார்களா. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் பின்னால் எல்லாத் தகராறும் அங்கேதான் வரும்.

பதிவு

சங்கங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். கூட்டுறவு இப்போது மாகாண விடயமாக இருப்பதால் நுவரெலியா, கண்டி, மாத்தளைத் தோட்டங்கள் மத்திய மாகாணத்தின் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், பதுளைத் தோட்டங்கள் ஊவா மாகாணத் திணைக்களத்துக்கும் போக வேண்டும். முதலில் பிரதேசத்துக்குப் பொறுப்பான கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். விண்ணப்பத்துக்கு 18 வயது நிரம்பிய பத்துப் பேர் போதும். ஆனால் பத்துப் பேரின் பாலில் சங்கம் ஓடாது.

மாதிரி உபவிதிகளை (சங்கத்தின் உள்விதிகளை) அந்த உத்தியோகத்தர் தருவார். அவற்றைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு விதியாக வாசித்து விளங்கவைத்த பிறகே கையொப்பம் எடுக்க வேண்டும். விளங்காத விதிக்குக் கையொப்பமிட்டவர் தகராறு வரும்போது “இது எனக்குத் தெரியாது” என்பார். அதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

தோட்டத்தில் அதிகம் இழுபடுவது பெயர் விவகாரம். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் வேறொன்று, தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) மூன்றாவது. உறுப்பினர் பதிவேட்டில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதி, வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்தும்படி தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பால் நிலையம் தோட்டக் காணியில் இருந்தால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதம் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். தலைவரின் பெயரில் வாங்கினால் தலைவர் மாறும்போது கட்டடமும் கைமாறிவிடும். துரை (தோட்ட முகாமையாளர்) மாறினாலும் செல்லும்படி கடிதத்தில் காலத்தைக் குறிப்பிடச் சொல்லுங்கள். பவுசர் திரும்ப இடமும், குழாய்த் தண்ணீரும், கழுவிய தண்ணீர் ஓட வடிகாலும் இல்லாத இடம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

யார் உறுப்பினர்

அதிகாலை எழுந்து கறப்பதும், கொழுந்தெடுத்துவிட்டு வரும் வழியில் புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து வருவதும் பெரும்பாலும் பெண்கள். உறுப்புரிமையும் பணமும் கணவர் பெயரில் போனால் சங்கத்தை உண்மையில் நடத்துகிறவருக்கு வாக்கு இல்லாமல் போகும். மாட்டைப் பராமரிப்பவரே உறுப்பினர் என்று உபவிதியில் எழுதுங்கள். ஒரே வீட்டில் இருவருக்கும் இடமளிக்கலாம். நிர்வாகக் குழுவை டிவிஷன் வாரியாகத் தெரிவு செய்யுங்கள். தொழிற்சங்க வாரியாகப் பங்குபோட்டால் ஒவ்வொரு தேர்தல் காலத்திலும் பால் இரண்டாகப் பிரியும். எந்தத் தொழிற்சங்கத்தில் இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பத்து மாடு வைத்திருந்தாலும் அதே ஒரு வாக்கு.

பால் அளப்பவர் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது. அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர், குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

மேசையில் நடக்க வேண்டியது

பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு) முன் எல்லாரும் ஊற்றி முடிக்க வேண்டும். ஆகவே 5.30க்குத் திறந்து 6.45க்கு மூடுங்கள். மாலைப் பாலைக் காலைப் பாலோடு வீட்டிலேயே கலக்க விடாதீர்கள். மாலைப் பாலை மூடிய அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில், கழுத்துவரை ஊற்றுத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் மலைக்குளிரில் காலைவரை பெரும்பாலும் தாங்கும். பெயின்ட் வாளியும் சோடாப் போத்தலும் வேண்டாம்; அவற்றின் கீறல்களில் தங்கும் பால்தான் அடுத்த நாள் பாலைப் புளிக்கவைக்கிறது.

ஒவ்வொருவர் பாலுக்கும் வரிசை இதுதான். முதலில் மூடியைத் திறந்தவுடன் மணம். பிறகு மதுசாரப் பரிசோதனை: 68 சதவீத மதுசாரமும் பாலும் சம அளவு, 5 மில்லிலீற்றர் வீதம், சோதனைக் குழாயில் கலந்து சாய்த்துப் பாருங்கள். குழாயின் சுவரில் துகள் துகளாகத் திரிந்தால் அந்தப் பாலைப் பொதுக் கேனில் ஊற்றக் கூடாது. புளிப்பு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கன்று ஈன்ற முதல் ஐந்து நாள் சீம்பால், மடிநோய், பால் வற்றும் காலம் ஆகியவையும் இதே முடிவைத் தரும். மாட்டுக்காரரிடம் விசாரித்து, மடிநோய் என்று சந்தேகம் வந்தால் அன்றே மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது லக்டோமீற்றர், அதாவது பாலில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவி. பசும்பாலில் 28 முதல் 32 வரை காட்டுவது வழக்கம். நூற்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 3 புள்ளி இறங்கும். மலைநாட்டில் இங்கேதான் தவறு நடக்கிறது. கருவி எந்த வெப்பநிலைக்கு என்று அதன் தண்டிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேலே ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 0.2 கூட்டவும், கீழே ஒவ்வொரு பாகைக்கும் 0.2 கழிக்கவும் வேண்டும். 20 பாகைக் கருவி, பால் 25 பாகை, வாசிப்பு 27 என்றால் திருத்திய அளவு 28. தொட்டியில் இரவு முழுவதும் கிடந்த 12 பாகைப் பால் 30 காட்டினால் அது உண்மையில் 28.4தான். திருத்தாமல் எழுதினால் சூட்டோடு கொண்டுவந்தவர் தண்ணீர் கலந்தவராகவும், குளிர்ந்த பால் கொண்டுவந்தவர் நல்லவராகவும் தெரிவார்கள். தெர்மாமீற்றர் இல்லாமல் லக்டோமீற்றர் வாங்காதீர்கள். கறந்து நுரை அடங்காத பாலிலும் வாசிப்புக் குறைவாகவே வரும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு அளக்க வேண்டும்.

லக்டோமீற்றரை மட்டும் நம்பவும் முடியாது. பாலாடையை எடுத்தால் வாசிப்பு ஏறும், தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் செய்தால் பழைய இடத்திலேயே நிற்கும். கொழுப்புப் பரிசோதனைதான் இதைப் பிடிக்கும். கேர்பர் முறையில் 10 மில்லிலீற்றர் சல்பூரிக் அமிலம், அதன்மேல் குழாயின் சுவர் வழியாக மெதுவாக 10.75 மில்லிலீற்றர் பால், 1 மில்லிலீற்றர் அமைல் மதுசாரம். மூடியை இறுக்கி, துணியால் சுற்றிக் குலுக்கி, 65 பாகைத் தண்ணீரில் வைத்து, நிமிடத்துக்கு 1,100 சுற்றில் ஐந்து நிமிடம் சுழற்றி, மறுபடி 65 பாகைத் தண்ணீரில் வைத்த பிறகு வாசிக்க வேண்டும். முதலில் அமிலம், பிறகே பால். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் இதில் கைவைக்க விடாதீர்கள். மாதம் மூன்று முறை, முன்கூட்டிச் சொல்லாத நாட்களில் செய்தால் போதும்.

இரண்டு அளவும் கையில் இருந்தால் கொழுப்பற்ற திண்மத்தை நீங்களே கணக்கிடலாம். 20 பாகைக் கருவிக்கு: திருத்திய வாசிப்பை 0.25ஆல் பெருக்கி, கொழுப்பை 0.22ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அதோடு 0.72 சேர்க்கவும். வாசிப்பு 28, கொழுப்பு 4 என்றால் 7 + 0.88 + 0.72 = 8.6. நிறுவனம் வேறு சூத்திரம் பயன்படுத்தினால் அதைக் கேட்டு அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நேர்மையான இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று மோதும்.

ஊசி போட்ட மாட்டின் பாலை மிருக வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை வாங்காதீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி கலந்த ஒரு வீட்டுப் பால் முழுக் கேனையும் கெடுக்கும், தயிர் உறையாது. ஊசி போட்டதை உண்மையாகச் சொன்னவருக்கு அபராதம் விதிக்கக் கூடாது, மறைத்தவருக்கு மட்டுமே. இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கிலோவும் லீற்றரும்

சத்தமில்லாமல் சங்கத்தை நட்டத்துக்குத் தள்ளும் விஷயம் இது. ஒரு லீற்றர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. தராசில் 300 கிலோ நிறுத்து, உறுப்பினர் புத்தகத்தில் 300 லீற்றர் என்று எழுதி, நிறுவனத்துக்கு லீற்றரில் விற்றால் அங்கே 291 லீற்றர்தான் ஏறும். நாளுக்கு 9 லீற்றர், மாதம் 270 லீற்றர். யாரும் திருடவில்லை, ஆனால் செயலாளர்மேல் பழி விழும். படியால் அளந்தால் நுரையும் கணக்கில் சேர்ந்துவிடும். தராசில் நிறுத்து, 1.03ஆல் வகுத்து, லீற்றரில் எழுதுங்கள்; வகுத்த அட்டவணையைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

உறுப்பினர் அட்டை, சங்கப் பதிவேடு இரண்டிலும் அங்கேயே எழுதி அவர் கண்முன் காட்டுங்கள். பவுசர் போனதும் அன்றைய மொத்த வரவையும் அனுப்பிய அளவையும் பலகையில் எழுதுங்கள். நூற்றுக்கு ஒன்றுக்குள் வித்தியாசம் இருந்தால் சிந்தியது, கேனில் ஒட்டியது என்று விடலாம். அதற்கு மேல் மூன்று நாள் தொடர்ந்தால் முதலில் தராசைப் பாருங்கள், பிறகு ஆளை. பவுசரில் மாதிரி எடுக்கும்போது அதே கேனிலிருந்து சங்கமும் ஒரு மாதிரி எடுத்து அன்றே பரிசோதித்து எழுதி வைத்தால், முடிவு குறையும்போது பேச ஆதாரம் இருக்கும்.

பணம்

நிறுவனம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பணம் தருகிறது என்றால், நாளுக்கு 300 லீற்றர், லீற்றர் 150 ரூபா என்ற கணக்கில் 6,75,000 ரூபா எப்போதும் வெளியில் நிற்கும். 40 பேர் 2,000 ரூபாப் பங்கு கட்டினாலும் 80,000தான் சேரும். இந்த இடைவெளியில்தான் கடைக்காரரும் முன்பணம் தரும் தனியார் வியாபாரியும் நுழைகிறார்கள். சங்கமும் முன்பணம் தர வேண்டியிருக்கும். ஏற்கனவே ஊற்றிய பாலின் பெறுமதியில் பாதிக்கு மேல் தராதீர்கள். ஊற்றப்போகும் பாலுக்கு ஒரு சதமும் தராதீர்கள். தலைவரின் மச்சானுக்கும் இதே விதி. பொறுப்பில் இருப்பவர்களின் முன்பணப் பட்டியலை மாதக் கூட்டத்தில் உரக்க வாசித்துவிட்டால் பாதிச் சிக்கல் எழாது.

வங்கிக் கணக்கில் குறைந்தது இரண்டு கையொப்பம். வெற்றுக் காசோலையில் முன்கூட்டிக் கையொப்பமிடுவது, எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும், கூடவே கூடாது.

தீவனத்தையும் புண்ணாக்கையும் மொத்தமாக வாங்கிப் பால் பணத்தில் கழித்துக் கொடுப்பது முதல் ஆண்டிலேயே தொடங்கக்கூடிய நல்ல சேவை. சாணத்தை மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு லொறிக் கணக்கில் விற்பதும் அப்படியே. தயிர், யோகட் செய்யும் ஆசையை இரண்டாவது கணக்காய்வு முடியும்வரை ஒத்திப்போடுங்கள்.

ஆண்டு முடிவில்

நிகர இலாபத்தில் குறைந்தது நான்கில் ஒரு பங்கைக் காப்புநிதியில் போட்ட பிறகே மற்றப் பங்கீடு. மிச்சத்தின் பெரும்பகுதியை ஊற்றிய லீற்றருக்கு ஏற்ப ஊக்கத்தொகையாகக் கொடுங்கள். பங்குப் பணத்துக்கு அதிகம் கொடுத்தால் மாடில்லாத பங்குதாரர்கள் கூடிவிடுவார்கள்.

வாக்குரிமைக்கு ஆண்டில் இத்தனை நாள் பால் ஊற்ற வேண்டும் என்று விதி வைக்கும்போது மாட்டின் உடம்பையும் கணக்கில் எடுங்கள். அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும். சினை பிடிக்கத் தாமதித்தால் இன்னும் நீளும். 120 நாள் அல்லது 500 லீற்றர், இரண்டில் ஒன்று நிறைந்தால் போதும் என்று எழுதுவது நியாயமாக இருக்கும். மாடு இறந்தவருக்கு இன்னொரு மாடு வாங்கிக் கட்ட ஓராண்டு அவகாசம் என்பதையும் அதே விதியில் சேர்த்துவிடுங்கள்.