மேடையின் அளவை வைத்து ஆஃபன்பாக்கைக் கேட்பது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் இசை நாடகங்கள் எழுதிய ழாக் ஆஃபன்பாக்கின் இசையைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும், காலை உயரத் தூக்கி ஆடும் கான்கான் நடனத்தோடு சேர்ந்து புகழ்பெற்ற அந்த வேகமான மெட்டில் தொடங்கி, அதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏறத்தாழ நூறு மேடைப் படைப்புகளை எழுதிய ஒருவரை இரண்டு நிமிட மெட்டுக்குள் அடைத்துவிடுவது பெரிய அநியாயம். பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியிலோ படிப்பகத்திலோ நான்கைந்து பேர் கூடி, நான்கு மாலைகளில் அவருடைய வாழ்க்கையையும் படைப்புகளையும் ஒருசேர அறிந்துகொள்ள ஒரு வழியை இங்கே விளக்குகிறேன். எந்த ஆண்டில் அவருடைய மேடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைப் பின்தொடர்வதுதான் அந்த வழி. அரசின் அனுமதி, கையிருப்பு, கடன், போர் என்று அவர் வாழ்வில் நேர்ந்த எல்லாமே அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

முதலில் ஏற்பாடுகளைப் பார்க்கலாம். ஆஃபன்பாக் பெரும்பாலும் எழுதியது ஒபரெட்டா, அதாவது பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் இசை நாடகம். வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த அமைப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆகவே பாடல்களை மட்டும் வரிசையாக ஓடவிடாமல், உரையாடலைத் தமிழில் நாமே வாசித்து, பாட்டு வரும் இடத்தில் ஒலிப்பதிவை இயக்குங்கள். பிரெஞ்சு மூல நாடகப் பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவருடைய முக்கிய நாடகாசிரியர்களான ஆன்றி மேயாக் 1897-லும் லுதோவிக் அலேவி 1908-லும் இறந்துவிட்டதால், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை தரும் நம் நாட்டுச் சட்டப்படி அவர்களின் மூலப் பிரதிகளை யாரும் மொழிபெயர்த்து வாசிக்கலாம். ஒலிப்பதிவுகளுக்கான உரிமை வேறு. அவற்றை முறையான தளங்களிலேயே கேட்க வேண்டும். பிரெஞ்சு தெரிந்தவரின் உதவி தேவைப்பட்டால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் விசாரிக்கலாம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கூழ் ஊற்றும் தெருக்களில் ஒலிபெருக்கி ஓயாது.

முதல் மாலைக்கு இரண்டு பேர் மட்டுமே பாடும் ‘லே தேஸாவுக்ல்’, அதாவது ‘இரண்டு குருடர்கள்’, போதும். அதற்கு முன் வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். ஆஃபன்பாக் 1819-ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் யாக்கோப் என்ற பெயருடன் பிறந்தார். தந்தை யூதத் தொழுகைக் கூடத்தில் பாடகர். மகனின் செல்லோ (வயலின் இனத்துப் பெரிய கருவி) வாசிப்பைக் கேட்டுத் தந்தை அவரை 1833-இல் பாரிஸுக்கு அழைத்துச் செல்ல, வெளிநாட்டவரைச் சேர்க்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்தி இசைக் கல்லூரித் தலைவர் கெருபினி அவரைச் சேர்த்துக்கொண்டார். படிப்பு ஓராண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. அதன்பின் ஒபேரா-கொமிக் என்ற பாரிஸ் அரங்கின் இசைக்குழுவில் செல்லோ வாசித்தார், செல்வந்தர் வீட்டு விருந்துகளில் வாசித்தார், 1850 முதல் கொமெதி-பிரான்சேஸ் நாடக அரங்கின் இசை இயக்குநராகவும் இருந்தார். ஆனால் அவர் எழுதிய மேடைப் படைப்புகளை ஏற்க அரங்குகள் முன்வரவில்லை. எனவே 1855-இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது, கூட்டம் திரளும் ஷான்-எலிஸே சாலையில் ஒரு சிறிய அரங்கை எடுத்து ஜூலை 5 அன்று ‘பூஃப்-பாரிஸியேன்’ என்ற பெயரில் தாமே திறந்தார். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது அடுத்த ஆண்டு ஜூலையில்தான் என்று நினைத்துக்கொண்டால் காலம் மனத்தில் பதியும்.

பெரிய அரங்குகளுக்குப் போட்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக, மேடையில் பேசிப் பாடும் பாத்திரங்கள் மூன்றைத் தாண்டக் கூடாது என்று அனுமதிப் பத்திரத்தில் கட்டுப்பாடு இருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் பிறந்ததுதான் ‘இரண்டு குருடர்கள்’. பாரிஸ் பாலம் ஒன்றில், குருடர்போல் நடிக்கும் இரண்டு பிச்சைக்காரர்கள் ஓரிடத்துக்காகச் சண்டையிடுகிறார்கள். ஒருவர் கையில் டிராம்போன், மற்றவர் கையில் மாண்டலின். வாசிக்கிறவர்கள் இதை வடசென்னைப் பேச்சிலேயே வாசிக்கட்டும்: “இன்னாபா, நாலு வருசமா நான் குந்திகினு இருக்கற எடம் இது, நீ வேற பாலத்தப் பாத்துக்கோ” என்கிற தோரணை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கதையை பேசின் பிரிட்ஜுக்குக் கொண்டுவந்துவிட வேண்டாம். பாலம் பாரிஸ் பாலமாகவே இருக்கட்டும். பேச்சு மட்டும் நம்முடையதாக இருந்தால் போதும்.

நேரம் இருந்தால் 1857-இல் வந்த ‘குரோக்ஃபேர்’ பற்றியும் சொல்லுங்கள். அதற்குள் நான்கு பாத்திரங்கள் வரை அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் கதைக்கு ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். ஐந்தாவது வீரனுக்குப் போரில் நாக்கு போய்விட்டதாகக் காட்டி, அவன் சொல்ல வேண்டியதை எழுதிய அட்டைகளைத் தூக்கிக் காட்ட வைத்துச் சமாளித்தார் ஆஃபன்பாக். அவருடைய இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் மாலை முழுவதையும் ‘நரகத்தில் ஆர்ஃபியஸ்’ என்ற படைப்புக்கே ஒதுக்குங்கள். இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் வரை செல்லும் கிரேக்கப் புராணப் பாடகன்தான் ஆர்ஃபியஸ். 1858-இல் கட்டுப்பாடு விலகியதும், அக்டோபர் 21 அன்று தேவலோகம் முழுவதையும் மேடையேற்றினார். இதைக் கேட்கும் முன், குளுக் என்பவர் அதே ஆர்ஃபியஸ் கதைக்கு 1762-இல் எழுதிய இசை நாடகத்தில் மனைவியை இழந்த ஆர்ஃபியஸ் பாடும் புலம்பலை ஒரு முறை கேட்டுவிடுவது கட்டாயம். அதன் மெட்டை ஆஃபன்பாக் தம் நாடகத்தில் எடுத்தாள்கிறார் என்பதால், மூலம் தெரியாதவருக்கு அந்த இடத்தின் நகைச்சுவை பிடிபடாது. புராணத்தில் மனைவிக்காக உருகும் ஆர்ஃபியஸ் இங்கே மனைவிக்குப் பிடிக்காத வயலின் வாத்தியார். அவளை வதைப்பதற்காகவே தான் புதிதாக இயற்றிய கச்சேரியை ஒன்றேகால் மணி நேரம் வாசித்துக் காட்டப்போவதாக மிரட்டுகிறான். வயலின் குழைந்து குழைந்து இனிமையாக ஒலிக்க, அவள் அதை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறாள். இசை உண்மையிலேயே அழகாக இருப்பதுதான் காட்சியின் உயிர். கேலிக்காக அதை மட்டமாக எழுதியிருந்தால் காட்சி செத்திருக்கும். அவள் இறந்ததும் மகிழ்ந்துபோகும் அவனை ‘பொதுமக்கள் கருத்து’ என்ற பாத்திரம் நரகத்துக்கு விரட்டுகிறது. அமுதம் சலித்துக் கலகம் செய்யும் தேவர்கள் பாடும்போது, அப்போதைய பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில் பாடத் தடையிருந்த ‘மார்செய்யேஸ்’ புரட்சிப் பாட்டின் சாயல் கேட்கும். தெருக்கூத்தில் கட்டியக்காரன் அரசனை அவன் முன்னாலேயே நையாண்டி செய்வதைத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பார்த்தவர்களுக்கு இந்தத் துணிச்சல் உடனே புரியும்.

ழூல் ழனேன் என்ற விமர்சகர் இதைத் தெய்வ நிந்தனை என்று சாடியதால் கூட்டம் இன்னும் பெருகி, முதல் சுற்றிலேயே 228 முறை மேடையேறியது. வாசிப்புக்குக் கடைசிக் காட்சியின் ‘காலோப்’ நடனத்தை முடிவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டு, கதையின் முடிவில் தேவர்கள் நரகத்தில் ஆடும் ஆட்டமாக வரும்போதுதான் அதற்குரிய பொருளோடு ஒலிக்கும். அதன்பின், சேன்-சான்ஸ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1886-இல் இதே மெட்டை ஆமைகளுக்காக மிக மெதுவாக்கி எழுதியதையும் போட்டுக் காட்டலாம். பிள்ளைகள் மிகவும் ரசிப்பார்கள்.

மூன்றாம் மாலைக்கு 1864-இன் ‘அழகி ஹெலன்’, 1867-இன் ‘ஜெரோல்ஸ்டைன் பெருமகள்’ ஆகியவற்றிலிருந்து சில பகுதிகள் போதும். இரண்டிலும் ஓர்த்தான்ஸ் ஷ்னைடர் என்ற பாடகி நாயகியாக நடித்துப் புகழின் உச்சியில் நின்றார். மீதி நேரம் முழுவதும் 1868-இன் ‘லா பெரிகோல்’ கடிதப் பாட்டுக்குரியது. பெரு நாட்டின் லிமா நகரில், காசு சேர்ந்தால் திருமணம் செய்துகொள்ளலாம் என்று காத்திருக்கும் இரண்டு தெருப் பாடகர்களில் ஒருத்தி பெரிகோல். அரசப் பிரதிநிதி அவளை அரண்மனைக்கு அழைக்கிறான், அவளோ பசித்திருக்கிறாள். காதலனுக்கு, அன்பு குறையவில்லை, ஆனால் ரொட்டி இல்லாத இடத்தில் அன்பு எப்படி நிலைக்கும் என்று எழுதி விடைபெறுகிறாள். ஆரவாரத்துக்குப் பெயர்பெற்ற ஆஃபன்பாக் இங்கே இசைக்குழுவை அடக்கி வைத்து, ஒற்றைக் குரலை நிதானமாகச் செல்ல விடுகிறார். கடிதத்தைத் தமிழில் மெல்ல ஒரு முறை வாசித்த பின், இடையில் யாரும் பேசாமல் பாட்டைக் கேளுங்கள். அவர் எழுதியவற்றிலேயே சிறந்த பாட்டு இதுதான் என்பேன்.

நான்காம் மாலையில் சரிவையும் கடைசிப் படைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, ஜெர்மனியில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த அவரை இரு தரப்புப் பத்திரிகைகளும் தூற்றின. போருக்குப் பின் கேத்தே அரங்கை எடுத்து நடத்தி, 1874-இல் ‘ஆர்ஃபிய’ஸைப் பெரும் பாடகர் குழு, நடனக் குழுவுடன் நான்கு அங்கங்களாக விரித்தார். அது வென்றது, ஆனால் அடுத்து வந்த பெருஞ்செலவு நாடகம் அவரைக் கடனில் தள்ளியது. 1876-இல் அமெரிக்கா சென்று கச்சேரிகளை நடத்தி அந்தக் கடனைக் குறைத்தார். கீல்வாதத்தோடு போராடியபடி எழுதிய ‘ஹாஃப்மனின் கதைகள்’ முற்றுப்பெறுவதற்குள் 1880 அக்டோபர் 5 அன்று இறந்தார். எர்னஸ்ட் கீரோ என்ற இசையமைப்பாளர் அதை முடித்துக்கொடுக்க, 1881 பிப்ரவரி 10 அன்று ஒபேரா-கொமிக்கில் அது அரங்கேறியது. அதில் வரும் படகுப் பாட்டை 1864-இல் வியன்னாவில் மேடையேறிய தம்முடைய பழைய படைப்பிலிருந்தே எடுத்திருந்தார்.

இந்தக் கடைசிப் படைப்புக்கு ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. முடிக்கப்படாத பிரதி என்பதால் பதிப்புக்குப் பதிப்பு அங்கங்களின் வரிசையும் பாடல்களும் மாறுகின்றன. கீரோ இசையமைத்துச் சேர்த்த உரையாடல்கள் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் வெறும் பேச்சாக இருக்கும். வாசிக்கப்போகும் பிரதியும் ஒலிப்பதிவும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையா என்று கூட்டத்துக்கு முன்பே பக்கம் பக்கமாகச் சரிபார்த்துவிடுங்கள்.