தண்ணீரைப் பாடமாக எடுக்க நினைக்கும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

தண்ணீர் சம்பந்தமான படிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, கல்லூரிப் பட்டியலை இப்போதைக்கு மூடி வை, ஒரு சனிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் ஊர்ச் சானலோடு, அதாவது பாசனக் கால்வாயோடு, மேலே போ என்பதுதான். ஏனென்றால் இது ஒரே படிப்பு இல்லை. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பவர் பொறியாளர், அதற்குள் என்ன உயிர் வாழ்கிறது என்று பார்ப்பவர் மீன்வளம் படித்தவர், மண்ணுக்குக் கீழே எங்கே போகிறது என்று தேடுபவர் நிலவியல்காரர், வயலுக்கு எவ்வளவு போதும் என்று கணக்குப் போடுபவர் வேளாண் பொறியியல் படித்தவர். இதில் நமக்கு எந்த இடம் பிடிக்கிறது என்று தெரியாமல் சீட்டு வாங்கினால் இரண்டாம் வருஷத்தில் மனசு வேறு பக்கம் இழுக்கும்.

நமக்கு இருக்கிற வசதி வேறு யாருக்கும் இல்லை. மலை, அணை, சானல், குளம், வயல், ஆறு கடலில் சேரும் பொழிமுகம், கடல் எல்லாம் ஒரே நாளில் பைக்கில் பார்த்துத் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன, தென்மேற்குப் பருவமழை வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குக் கிடைக்கிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் புத்தன் அணைக்கு வந்து, பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுப் பக்கம் திரும்பி, தோவாளை சானல், அனந்தனார் சானல், என்.பி. (நாஞ்சில்நாடு புத்தனார்) சானல் என்று பிரிகிற ஏற்பாட்டை ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். ஒரு ஆற்றின் தண்ணீரை இன்னொரு ஆற்றின் நிலத்துக்குக் கொண்டுபோவதைப் புத்தகத்தில் பெரிய அத்தியாயமாக வைத்திருப்பார்கள், நமக்கு அது வீட்டு வாசலில் ஓடுகிறது.

பேச்சிப்பாறை 1906-இல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 48 அடி. பேப்பரில் தினமும் அடிக் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆனால் அடி என்பது தண்ணீரின் அளவு இல்லை. அணை ஒரு அகன்ற சட்டி மாதிரி, கீழ்மட்டத்தில் ஒரு அடி உயர்ந்தால் வருகிற தண்ணீரும் மேலே ஒரு அடி உயர்ந்தால் வருகிற தண்ணீரும் ஒன்றாக இருக்காது. எந்த மட்டத்தில் எத்தனை கன அடி என்று காட்டுகிற வரைபடம் ஒவ்வொரு அணைக்கும் உண்டு, அதைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

சரி, அளப்பதற்கு வருவோம். கருவி வேண்டாம், ஒரு டேப், ஒரு கம்பு, போனில் ஸ்டாப்வாட்ச், தென்னை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற குரும்பை (தேங்காய்ப் பிஞ்சு) நாலைந்து, போதும். சானலில் வளைவு இல்லாத, பாசி அடைக்காத நேர்ப்பகுதியாகப் பார்த்து 10 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் கயிறு கட்டுங்கள். குரும்பையை மேல் கயிற்றுக்குக் கொஞ்சம் முன்பாகவே நடு ஓட்டத்தில் போட்டு, கயிற்றைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். அது தேங்காய் மட்டை போல மேலாகக் காற்றில் ஓடாது, பாதி முங்கியபடியே போகும், அதனால்தான் குரும்பை. ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். 20 வினாடி என்று வந்தால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அகலம் 3 மீட்டர், கம்பை விட்டு நாலைந்து இடத்தில் பார்த்த ஆழத்தின் சராசரி 0.8 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 2.4 சதுர மீட்டர். மேலே ஓடுகிற வேகம் அடியில் இருக்காது என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். வருவது வினாடிக்கு 1.02 கன மீட்டர், நம்ம ஊர்க் கணக்கில் 36 கன அடி. அதே நாளில் இரண்டு கிலோமீட்டர் கீழே போய் இன்னொரு தடவை அளந்து, நடுவில் உள்ள மடைகளில் போனதைக் கழித்தால் மிச்சக் குறைவு மண்ணில் இறங்கியது, ஒழுகியது. இதை ஒரு பருவம் முழுக்கச் செய்து ஒரு நோட்டில் எழுதினால் அதுவே பட்டப்படிப்புக்கு நல்ல பிராஜெக்ட்.

நான் படிக்கும்போது இப்படித்தான் அளந்துகொண்டு கடைவரம்புக்கு, சானல் முடிகிற கடைசி வயல்களுக்கு, போய்ச் சேர்ந்தேன். மேலே தண்ணீர் ஓடுகிறது, இங்கே வயல் வெடித்துக் கிடக்கிறது, என் கணக்கில் எங்கேயும் இடிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் "பாட்டா, மேல நல்லா ஓடுதே, இங்க ஏன் வரல்ல?" என்று கேட்டேன். "மக்களே, நீ பகல்ல வந்து பாத்துட்டுப் போற. தண்ணி இங்க ராத்திரில்லா வரும். மேல எல்லாரும் மடைய அடச்ச பொறவுதான் எங்களுக்கு" என்றார். அன்றைக்கு இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய் அளந்தேன், அவர் சொன்னதுதான் சரி. நமக்குத் தோதான நேரத்தில் அளந்தால் நமக்குத் தோதான விடைதான் வரும்.

குளத்திலும் இதே கதை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீனுக்குக் கஷ்டமில்லை. பாசி அடர்ந்த ஒரு குளத்தில் நான் தினமும் பதினொரு மணிக்குச் சாம்பிள் எடுத்தேன், எல்லா நாளும் அருமையான எண். ஒரு நாள் காலையில் மீன் செத்து மிதந்தது. வெயிலில் பாசி ஆக்ஸிஜனைக் கொடுக்கிறது, ராத்திரியில் அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு விட்டு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது, அதனால் பொழுது விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். சாம்பிள் பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, ஒரு குமிழ்கூட இல்லாமல் நிறைத்து, மாங்கனீஸ் சல்பேட் கரைசலையும் ஆல்கலைன் அயோடைடு கரைசலையும் கரையிலேயே விட்டு மூடிக் குலுக்குங்கள். பழுப்பாக வண்டல் இறங்கினால் ஆக்ஸிஜன் இருக்கிறது, வெள்ளையாக இறங்கினால் இல்லை. லேபுக்குப் போகும் முன்பே, அந்த இருட்டில் டார்ச் வெளிச்சத்தில், குளம் நமக்குப் பதில் சொல்லிவிடும்.

சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈர நிலங்கள் இரண்டும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. ஆகாயத்தாமரை, தாமரைக் கொடி, பறவை, பாசனம் எல்லாம் ஒரே குளத்துக்குள் எப்படி இழுபறியாக இருக்கிறது என்று பார்க்க இவற்றைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் தனித்தனியாக உப்பு பாருங்கள், கனமான கடல்நீர் அடியில் நுழைந்து வருவது தெரியும். பொழி மணல் அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா, ஏற்றமா இறக்கமா என்று பக்கத்தில் எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை.

நிலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் படிக்கவே முடியாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த ஏலா (வயல்வெளி) வாழையாகி, தென்னையாகி, பிளாட் ஆகும்போது மழைத்தண்ணீர் தங்குகிற இடம் குறைகிறது, கிணற்று மட்டமும் மாறுகிறது. கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களைத் திறந்து உங்கள் ஊர் ஏலாவை வருஷம் வருஷமாகக் கோடு போட்டுப் பாருங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், இஸ்ரோவின் புவன் தளத்தில் வரைபடங்கள் கிடைக்கும். கூடவே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலை, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேட்டை, கேட்டுப் பாருங்கள், படத்தில் தென்னை தெரிகிற இடத்தில் கணக்கில் நெல் இருக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு படிப்பைத் தேர்ந்தெடுப்பது சுலபம். குரும்பை போட்டு அளந்ததுதான் பிடித்திருந்தது என்றால் பி.இ. சிவில், பிறகு முதுகலைக்கான நுழைவுத் தேர்வுகளான கேட் எழுதியோ சீட்டா பி.ஜி. எழுதியோ அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம், ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நீரியலுக்கென்றே தனித் துறை உண்டு. வயலும் மண்ணும் என்றால் திருச்சி குமுளூரில் உள்ள வேளாண் பொறியியல் கல்லூரி. குளமும் பொழியும் என்றால், 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளங்கலை), நாலு வருஷம், முதுகலையில் நீர்வாழ் சூழல் மேலாண்மை என்றே ஒரு பிரிவு இருக்கிறது. இதற்குப் பிளஸ் டூவில் உயிரியலை விட்டுவிடாதீர்கள். கடல் பக்கம் போக நினைத்தால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் நம்ம ராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. நிலத்தடி நீர் என்றால் நிலவியல் படித்து, யு.பி.எஸ்.சி. நடத்துகிற புவி அறிவியலாளர் தேர்வு எழுதி மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்குப் போகலாம். மாநில வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் தேர்வு வழியாக நீர்வளத் துறை. சேரும் முன்பு அந்தந்த வருஷத்துத் தகுதி விதியை அறிவிப்பிலேயே பாருங்கள், அக்கம்பக்கத்தில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

சேர்ந்த பிறகு கணக்கையும் புள்ளியியலையும் தள்ளிப்போடாதீர்கள், என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நீரியல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஆங்கிலம் பயமாக இருந்தால் முதலில் தமிழில் உங்கள் நோட்டில் எழுதிப் புரிந்துகொண்டு அப்புறம் மாற்றுங்கள், நான் அப்படித்தான் தேறினேன்.

வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பாசனத்துக்கு அணை திறப்பார்கள். மே கடைசியிலேயே சானல் வறண்டு கிடக்கும்போது இறங்கி அகலத்தையும் அடிமட்டத்தையும் அளந்து வைத்துவிடுங்கள், தண்ணீர் வந்த பிறகு அது நடக்காது. விடியற்காலைச் சாம்பிளுக்குத் தனியாகப் போக வேண்டாம், வீட்டில் சொல்லிவிட்டு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பொழியில் நீச்சல் தெரிந்தாலும் இறங்காதீர்கள், வள்ளத்தில் போகிற அண்ணாச்சி யாரிடமாவது கேட்டால் பாட்டிலை நிறைத்துக் கொண்டுவந்து தருவார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் எடுத்தார் என்று மட்டும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.