பனியன் யூனிட்டின் ஜிஎஸ்டி கணக்கு: 20ஆம் தேதிக்குள் கவனிக்க வேண்டியவை

2007 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வந்த வாட் வரி, பெட்ரோல், டீசல், மது நீங்கலாக, 2017 ஜூலையில் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. கணக்குப் போடும் முறை மாறவில்லை. விற்கும்போது வசூலித்த வரியில், வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்து மீதியைக் கட்ட வேண்டும்.

திருப்பூரில் ஒரு சின்ன யூனிட். கொள்முதல், விற்பனை எல்லாம் தமிழ்நாட்டுக்குள்தான். ஒரு மாதத்தில் துணி 2,00,000 ரூபாய்க்கு வாங்கினால் 5% வரி 10,000. சாயமிடுதல் போன்ற ஜாப் வொர்க் (கூலி வேலை) 60,000-க்கு 5% வரி 3,000. கட்டட வாடகை 20,000-க்கு 18% வீதம் 3,600. வாங்கும்போது கொடுத்து, கழித்துக்கொள்ளக்கூடிய இந்த வரிக்குப் பெயர் 'வரவு'; மொத்த வரவு 16,600. விற்பனை 4,00,000-க்கு வரி 20,000. கட்ட வேண்டியது 3,400. மத்திய, மாநிலக் கணக்குகளில் 1,700 வீதம். 2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேலே போனால் 18%.

வரி உட்பட 1,050 என்று விலை பேசிவிட்டு, அதில் 5% எடுத்து 52.50 என்று எழுதுவார்கள். தப்பு. 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குங்கள், வரி 50தான்.

துணிக்காரர் தன் பில்லை ஏற்றாவிட்டால் உங்கள் கொள்முதல் பில்களைக் காட்டி ஜிஎஸ்டி தளத்தில் 14ஆம் தேதி வரும் 2பி பட்டியலில் அது இருக்காது, வரவும் கிடைக்காது. நீங்கள் விற்பனை பில்களை ஏற்ற வேண்டிய 11ஆம் தேதியைத் தவறவிட்டால், உங்களிடம் வாங்கும் பார்ட்டிக்கும் இதே கதிதான்.

உண்மையான நெருக்கடி கடன் வியாபாரத்தில்தான். பார்ட்டி 90 நாள் கழித்துப் பணம் தருவார். வரியோ பில் தேதியை வைத்து அடுத்த மாதம் 20ஆம் தேதியே கட்ட வேண்டும். ஆர்டர் பேசும்போதே, வரித்தொகையை மட்டும் முன்னால் கேட்டுப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். வந்த வரிப்பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். நூல் வாங்கவோ சம்பளம் போடவோ அதைத் தொடக்கூடாது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 18% வட்டி. 3,400-க்கு ஒரு மாதத்துக்கு 51 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் தொடர்ந்து இரண்டு மாதம் 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் முடங்கும், லாரி குடோனிலேயே நிற்கும். நீங்களும் துணிக்காரருக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும்.

"பில் வேண்டாமுங்க, அஞ்சு பர்சென்ட் குறைச்சுக்கலாமுங்க" என்று கேட்பவர் வருவார். ஒத்துக்கொண்டால், பில் போட்டு உள்ளே வந்த துணியின் கிலோவும் பில்லில் வெளியே போன பீஸும் ஒத்துவராது. சரக்கே இல்லாமல் கமிஷனுக்கு பில் கொடுப்பதும் வாங்குவதும் இன்னும் மோசம்: அபராதம் 10,000 ரூபாய் அல்லது அந்த வரிக்குச் சமமான தொகை, எது அதிகமோ அது.

ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் ஜாப் வொர்க் செய்யும் காஜா பட்டன்காரர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவில்லாதவர் வரி வசூலிக்கவும் முடியாது. யார் பில்லில் வரி போட்டாலும், 33-இல் தொடங்கும் 15 இலக்கப் பதிவெண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டு, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.