கெட்டி வேறு, கனம் வேறு: பாகுநிலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது என் அம்மா வாணலியைப் பார்த்துப் பதம் சொல்ல மாட்டார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் இருக்கும். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டை அதில் விட்டு, விரலால் கூட்டிப் பார்ப்பார். மெத்தென்று உருண்டு வந்தால் சரி. கரைந்து போனால் இன்னும் கொஞ்சம் காய வேண்டும். கல் மாதிரி இறுகினால் பதம் முறிந்துவிட்டது.

பாடப்புத்தகத்தில் வரும் ‘பாகுநிலை’ என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே பாகுதான். ஒரு நீர்மத்தின் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும்போது உள்ளே எழும் உராய்வைத்தான் அப்படிச் சொல்கிறோம். உராய்வு கூடினால் ஓட்டம் மந்தப்படும்.

பலரும் செய்யும் முதல் தவறு, சூட்டைக் கணக்கில் எடுக்காமல் பாகுநிலையைப் பேசுவது. சூட்டில் பாகுநிலை குறையும், அதனால் வாணலியில் பாகு தண்ணீராகத்தான் தெரியும். ‘இன்னும் இறுகலையே’ என்று மேலும் கொதிக்கவிட்டால், ஆறினதும் பாறையாகிவிடும். அம்மாவின் கிண்ணத் தண்ணீர் அந்தச் சொட்டை உடனே ஆற்றி, பின்னால் வரப்போகும் நிலையை முன்னாலேயே காட்டிவிடுகிறது. இதைவிட நல்ல சோதனையை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறும் உண்டு. சர்க்கரை கூடக் கூட, அதே அளவுக்குப் பாகுநிலையும் கூடும் என்று நினைப்பது. 20 டிகிரி செல்சியஸில் 40 சதவீதச் சர்க்கரைக் கரைசலின் பாகுநிலை தண்ணீரைப் போல ஏறத்தாழ 6 மடங்கு. 60 சதவீதத்தில் 58 மடங்கு. 70 சதவீதத்தில் ஏறத்தாழ 480 மடங்கு! கடைசிப் பத்து சதவீதத்தில் மட்டும் எட்டு மடங்கு ஏறுகிறது. அதிரசப் பதம் அதையும் தாண்டியது. அதனால்தான் கடைசி இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

அடுத்தது, கனமான திரவம் எல்லாம் மெதுவாக ஓடும் என்ற நம்பிக்கை. விளக்கெண்ணெய் தண்ணீரில் மிதக்கும், அவ்வளவு லேசு. ஆனால் அதன் பாகுநிலை தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு. பாதரசமோ தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம், பாகுநிலையில் ஒன்றரை மடங்குதான். சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண் பூசிச் செய்த கருவை, அதாவது அச்சைச் சூடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். அது கூழ் மாதிரி இறங்காது. தண்ணீர் போல ஓடி, விரல் நுனி வரை போய் நிரம்பும். கரு ஆறியிருந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும், ஆனால் அது உறைதல். மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டிப்படுவதும் அப்படித்தான். அதற்குப் பாகுநிலை கூடிவிட்டது என்று விடை எழுதக் கூடாது.

ஆடியில் காவிரியில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது, ‘தண்ணி கெட்டியா வருது, மெதுவாத்தான் வரும்’ என்று கரையில் நின்று சொல்வார்கள். ஐன்ஸ்டீன் கண்ட கணக்குப்படி, நூற்றில் ஒரு பங்கு கன அளவுக்குத் துகள் கலந்தால் பாகுநிலை இரண்டரை சதவீதம்தான் கூடும். தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடானால் 20 சதவீதம் குறைகிறது. அந்த வண்டலைவிட வெயிலின் கை பெரிது. டெல்டாவில் ஆற்றின் வேகத்தைத் தீர்மானிப்பவை வாட்டமும் ஆழமும் படுகையின் கரடுமுரடும்தான். கல்லணைக்குக் கீழே வாட்டம் மிகக் குறைவு.

சூடு மாறாதவரை ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரே ஒரு பாகுநிலை எண்தான் உண்டு என்று எடுத்துக்கொள்வதும் பிழை. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் அது பொருந்தும். தோசை மாவுக்குப் பொருந்தாது. கரண்டியால் கலக்கும்போது இளகும், விட்டால் கெட்டிப்படும். நடவு வயலின் களிச்சேறும் அந்த ரகம். பரம்படித்த வயலில் கால் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் சுற்றியிருக்கும் சேறு நெகிழும், இடுக்கில் தண்ணீர் இறங்கும், அப்புறம் கால் சுலபமாக வந்துவிடும்.